உஷார்! தலைமாட்டில் ஒரு வம்பு

இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தலையணை உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளும் பழுப்புமாக வட்ட வட்டமாகக் கறை. ஓரங்களில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் அழுத்தினால் ஒரு மூலையில் கட்டி, இன்னொரு மூலையில் துணிக்கும் துணிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் ஈரம் காயாமல் மடித்து வைத்த துண்டின் வாடை. இவற்றில் ஏதாவது இரண்டு இருந்தாலே உஷாராகிவிடுங்கள். தினமும் ஏழெட்டு மணி நேரம் மூக்கு, வாய், கழுத்து மூன்றையும் நம்பி ஒப்படைக்கிற சாமான் அது.

பல் தேய்க்கும் பிரஷை மாற்றுகிறோம். இன்னும் நன்றாக உழைக்கிற செல்போனையே மாற்றுகிறோம். தலையணையை மட்டும், கல்யாணச் சீரோடு வந்தது என்று பேரன் பிறக்கும்வரை வைத்திருக்கிறோம். உறை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி புதுசு.

காலையில் எழுந்து கழுத்தைத் திருப்பினால் சுரீர் என்கிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். தைலம் தேய் என்பார் ஒருவர். ஏசிக் காற்று நேராகப் பட்டிருக்கும் என்பார் இன்னொருவர். வாயுப்பிடிப்பு என்று முடித்துவிடுவார் மாமனார். பாட்டி மட்டும், "அந்தத் தலகாணியக் கொண்டுபோய் வெயில்ல போடு" என்பார். சிரிக்காதீர்கள். அத்தனை பேரில் குற்றவாளியின் பக்கத்தில் போனவர் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு பெரிய ஆபத்தில் போய் விழுகிறார்கள். முடி வெட்டி முடித்ததும், தலையை இரண்டு கையாலும் பிடித்து, இடமும் வலமுமாக வெடுக்கென்று திருப்பி, படக் என்று நெட்டி எடுத்துவிடுகிற சலூன் வழக்கம். "கழுத்து புடிச்சிருக்குண்ணே, ஒரு நெட்டி எடுத்து விடுங்க" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். கழுத்தெலும்புகளின் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் ஏறிப்போகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அபூர்வம்தான். ஆனால் இளம் வயதில் வரும் பக்கவாதத்துக்கு மருத்துவர்கள் தேடும் முக்கியமான காரணங்களில் கழுத்துத் தமனிக் கிழிசலும் ஒன்று. இனிமேல் சலூன்காரர் தலையில் கை வைத்ததும், "கழுத்து வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, தலையணைக்கு வருவோம்.

கழுத்தில் 7 எலும்புகள். பக்கவாட்டில் பார்த்தால் அவை முன்பக்கமாக லேசாக வளைந்து நிற்கும். அதன் மேல் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை. பகல் முழுக்க அந்தத் தலையைத் தசைகள் தாங்குகின்றன. ராத்திரி அவை ஓய்வெடுக்கும்போது, வளைவு குலையாமல் இடைவெளியை நிரப்பிக் கொடுப்பதுதான் தலையணையின் வேலை. மிருதுவா, கடினமா, பஞ்சா, ஃபோமா என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி உயரம். அமுக்குவதற்கு முன்னால் இருக்கிற உயரம் கிடையாது. தலையை வைத்து, அமுங்கி, அடங்கின பிறகு மிஞ்சுகிற உயரம்.

மல்லாந்து படுப்பவருக்குத் தலையணை உயர்ந்தால் தாடை நெஞ்சை நோக்கி வரும், பிடரித் தசை ராத்திரி முழுக்க இழுபடும். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு தோள் அகலம் இடைவெளி இருக்கிறது. அதைத் தலையணை நிரப்பாவிட்டால் தலை தோளை நோக்கிச் சரியும். அதிகமாக நிரப்பினால் எதிர்ப்பக்கம் மடங்கும். ஒரு குத்துமதிப்பு சொல்வதானால், அமுங்கிய பிறகு மல்லாந்து படுப்பவருக்கு 3 அங்குலத்தை ஒட்டி, ஒருக்களிப்பவருக்கு 4 முதல் 5 அங்குலம். தோள் அகன்ற ஆளுக்கு இன்னும் கொஞ்சம் கூடும், ஒல்லியான பெண்மணிக்குக் குறையும். குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே மாதிரி நாலு தலையணை வாங்குகிற வழக்கம் இதனால்தான் தப்பு. செருப்பு அப்படி வாங்குவோமா?

குப்புறப் படுப்பவர்களுக்கு நல்ல தலையணை என்று ஒன்று கிடையவே கிடையாது. மூச்சு விடுவதற்காகத் தலையை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பித்தான் ஆக வேண்டும். அந்தத் திருகலோடு ஆறு மணி நேரம். மாற்ற வேண்டியது படுக்கிற பழக்கத்தை.

கடையில் தலையணையைக் கையால் அமுக்கி, "மெத்து மெத்துன்னு இருக்கே" என்று வாங்குவதால் ஒன்றும் தெரியாது. வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். வழக்கமாகப் படுக்கிற மெத்தையிலேயே ஒருக்களித்துப் படுங்கள். முதுகுப்பக்கம் வீட்டில் ஒருவரை நிற்க வைத்து, செல்போனைப் படுக்கையின் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். காலர் இல்லாத பனியனாக இருந்தால் நல்லது. படத்தில் தலையின் பின்பக்க நடுவும் முதுகுத்தண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். அப்படியே முன்பக்கமும் ஒன்று: மூக்கு, தாடை, நெஞ்செலும்பின் மேல் குழி, மூன்றும் ஒரே நேர்கோட்டில். கோடு தலைப்பக்கம் மேலே ஏறினால் தலையணை உயரம், கீழே இறங்கினால் தாழ்வு. படுத்தவுடனே எடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம் கிடந்து, தலையணை அமுங்கின பிறகு எடுத்தால்தான் உண்மை தெரியும். இந்தப் படம் சொல்வதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வருகிறார். மகன் ஆசையாகப் பெரிய மெத்தையில் படுக்கச் சொல்கிறான். மறுநாள் காலை, "எனக்கு இந்த மெத்தையே ஆகலடா, ஒரு பாயப் போடு" என்கிறார். மகனுக்கு வருத்தம். நடந்தது என்ன தெரியுமா? பாயில் ஒருக்களிக்கும்போது தோள் தரையில் அமுங்காது. காதுக்குக் கீழே இடைவெளி அதிகம். அதற்கு அவருடைய உயரமான, கெட்டியான இலவம் பஞ்சுத் தலையணை சரியாக இருந்தது. மெத்தையில் தோள் உள்ளே புதைகிறது, இடைவெளி குறைகிறது. கூடவே எடுத்து வந்த அதே தலையணை இப்போது எக்கச்சக்க உயரம். மெத்தையை மாற்றினால் தலையணையையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வதில்லை. சொல்கிறவர்களும் அந்த மெத்தையோடு ஓசியாக வருகிற தலையணையைத் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

உயரம் கொஞ்சம்தான் குறைகிறது என்றால் உடனே புதுசு வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு பருத்தித் துண்டை நீளவாக்கில் மடித்து உறைக்குள் அடியில் விரித்துப் பாருங்கள். மல்லாந்து படுப்பவர், துண்டைச் சுருட்டி உறையின் கீழ் விளிம்பில், கழுத்து வருகிற இடத்தில் வைக்கலாம். பத்து நாளில் கழுத்து பதில் சொல்லிவிடும். செலவு பூஜ்யம்.

அசல் போடி பஞ்சு!

இனி தெருவுக்கு வருவோம். டாடா ஏஸிலோ மூன்று சக்கர வண்டியிலோ மலைபோல் தலையணைகள். ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல்: "அசல் போடி இலவம் பஞ்சு, வாங்கம்மா வாங்க." தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊர் என்பது நிஜம். அந்தப் பேரைச் சொல்லி வருகிற எல்லா மூட்டையும் அந்த ஊர்ப் பஞ்சுதானா என்பதுதான் கேள்வி. யோக்கியமான வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் கண்ணெதிரே தையலைப் பிரித்துக் காட்டத் தயங்காதவர் அநேகமாக அந்த ரகம். "பிரிச்சா வேற ஆள் வாங்க மாட்டாங்கம்மா" என்று இழுப்பவரிடம் உஷார்.

பிரித்தால் என்ன பார்க்க வேண்டும்? இலவம் பஞ்சு பட்டுப்போல மினுமினுக்கும். வெள்ளை வெளேரென்று இருக்காது, லேசான சந்தன நிறம். காய்க்குள்ளிருந்து வருகிற இழை அது. ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று அடைத்த குழாய், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அந்த லேசு, அதனால்தான் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு மேலங்கிகளுக்குள் இதை அடைத்தார்கள். ஒரு சிட்டிகை கிள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். இலவம் பஞ்சு மறுபடி மேலே வந்து மிதக்கும். மில்லில் வெளுத்து வந்த கழிவுப் பஞ்சு நனைந்து கனத்து இறங்கிவிடும். நடுநடுவே மிளகு போலக் கறுத்த உருண்டை விதை ஒன்றிரண்டு தட்டுப்பட்டால் முகம் சுளிக்காதீர்கள், அது நல்ல சகுனம். சிவப்பு, நீலம், பச்சை என்று நூல் துணுக்குகள் வந்தால் அது பனியன் வேஸ்ட். கொத்தாக இழுத்தால் பளபளவென்று நீண்டு வந்து நுனி சுருண்டால் பாலியஸ்டர்.

பிரிக்கவே விடவில்லை என்றால் தூக்கிப் பாருங்கள். அதே அளவுக்கு உப்பியிருக்கிற இலவம் பஞ்சுத் தலையணை அதிசயமாக லேசாக இருக்கும். கை கனத்தால் உள்ளே வேறு சரக்கு. கழிவுப் பஞ்சு விஷம் ஒன்றும் கிடையாது; மிதியடி, கயிறு என்று நாணயமாகச் சொல்லி விற்கிற தொழிலும் அதில் நடக்கிறது. ஆனால் தலையணைக்குள் அது நாலே மாதத்தில் கட்டி தட்டிப்போகும், தூசு கக்கும், வியர்வையை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரு மூலையில் கல், இன்னொரு மூலையில் பள்ளம். கழுத்து அந்தப் பள்ளத்தில்தான் போய் விழும்.

அசலே என்றாலும் ஒன்று: இலவம் பஞ்சு வெகு சீக்கிரம் தீப்பிடிக்கும். கொசுவர்த்திச் சுருளைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. சுருளைக் கால்மாட்டுக்கும் தாண்டி, தட்டில் வைத்துத் தள்ளி வையுங்கள். பஞ்சைக் கொளுத்திப் பார்த்துச் சோதிக்கச் சொல்கிற வீடியோக்களை நம்பி வீட்டுக்குள் தீக்குச்சி உரசாதீர்கள்.

'ஆர்த்தோ' என்று போட்டிருந்தால்?

ஒன்றும் இல்லை. அட்டையில் 'ஆர்த்தோபெடிக்', 'செர்விக்கல்', 'டாக்டர்கள் பரிந்துரை' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் எந்த எலும்பு மருத்துவரும் அந்தத் தலையணையைப் பார்த்து ஒப்புதல் தந்ததாக அர்த்தம் கிடையாது. எல்லாருடைய கழுத்துக்கும் பொருந்துகிற ஒரே தலையணை என்று ஒன்றை மருத்துவம் இதுவரை சொல்லவும் இல்லை.

'நாசா தொழில்நுட்பம்' என்றும் போடுவார்கள். மெமரி ஃபோம் 1966ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது, விமான இருக்கைகளுக்காக. வரலாறு சரி. அதற்கும் இன்று உங்கள் கையில் இருக்கும், யார் எங்கே வார்த்தார்கள் என்று தெரியாத ஃபோமுக்கும் என்ன உறவு? வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி வேறு. மெமரி ஃபோம் வெப்பத்துக்கு இளகும், குளிருக்கு இறுகும். அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி மட்டும் ஓடுகிற அறையில் புதையும். ஏசியை 20ல் வைத்தால் முதல் அரை மணி நேரம் பலகை. கடையின் குளிர்ந்த ஷோரூமில் சரியாக இருந்தது வீட்டு மாடி அறையில் தொளதொளப்பது அதனால்தான். சூட்டையும் பிடித்து வைக்கும். தலை வியர்க்கிற ஆசாமிகளுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

இரண்டு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம் என்று அலைபோல வருகிற தலையணையை வாங்கிய பலர் அதைத் தப்பாகவே போட்டுப் படுக்கிறார்கள். மேடு கழுத்துக்கு, பள்ளம் பின்மண்டைக்கு. ஒரு மேடு உயரமாகவும் இன்னொன்று தாழ்வாகவும் இருக்கும். உங்கள் கழுத்துக்கு எது என்று திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். முக்கியமாக, தோள் தலையணையின் மேல் ஏறவே கூடாது. தோளும் ஏறிவிட்டால் மொத்தக் கணக்கும் வீண். இது அலைத் தலையணைக்கு மட்டுமான விதி கிடையாது, எல்லாத் தலையணைக்கும்தான்.

பாலியஸ்டர் பஞ்சுத் தலையணை, அதாவது ஊரில் எல்லாரும் ரெக்ரான் என்று பொதுவாகச் சொல்வது, விலை மலிவு, துவைக்கலாம், மோசமில்லை. ஆனால் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று காற்றை உறிஞ்சி அப்பளமாக வருகிறவற்றில் கவனம். உள்ளே எத்தனை கிராம் பஞ்சு என்று அட்டையில் தேடுங்கள். அதைப் போடாதவரிடம் கேளுங்கள். படுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், என்பதை பில் போடுவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற இயலாது' என்ற பொடி எழுத்து எங்காவது ஒளிந்திருக்கும்.

கூட யார் படுத்திருக்கிறார்கள்?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு செய்தி: பத்து வருஷத்தில் தலையணையின் எடை இரண்டு மடங்காகிவிடுமாம், எல்லாம் பூச்சியாம். அதை நம்ப வேண்டாம். நிஜம் அந்த அளவுக்குப் பயங்கரம் இல்லை, ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது. தூசுப்பேன் கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிர்கிற செதில்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்கள் அதற்குச் சொர்க்கம். தொந்தரவு அதன் கழிவில் இருக்கும் புரதம். படுத்த பத்து நிமிஷத்தில் மூக்கடைப்பு, விடிந்ததும் வரிசையாகத் தும்மல், வெளியூர் போனால் சரியாகிவிடுகிறது என்றால், முதலில் தலையணையைச் சந்தேகப்படுங்கள்.

பூஞ்சையும் உண்டு. 2005ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1.5 முதல் 20 வருஷம்வரை புழங்கிய 10 தலையணைகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் பல வகைப் பூஞ்சைகள். அவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்பது ஆரோக்கியமானவரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆஸ்துமாக்காரருக்கும், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் அது விளையாட்டில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், விருந்தாளிக்கு என்று பரணில் கட்டி வைத்த பழைய தலையணையை அவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு படுக்கிற வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில். 60 டிகிரி சூடு தூசுப்பேனைக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினால் அழுக்குப் போகும், பேன் தப்பிக்கும். உள்ளே இருக்கிற தலையணைக்கும் ஜிப் வைத்த இன்னொரு பருத்தி உறை போட்டுவிட்டால் ஆயுசு கூடும்.

வெயிலில் போடுகிற பாட்டி வைத்தியத்தில் மட்டும் ஒரு திருத்தம். இலவம் பஞ்சுக்கும் பருத்திப் பஞ்சுக்கும் வெயில் அமிர்தம். ஈரம் போகும், பஞ்சு உப்பும். ஃபோமையும் லேடெக்ஸையும் வெயிலில் போட்டால் கெட்டது: மஞ்சளித்து, வெடித்து, மாவாக உதிரும். அவற்றை நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். வாஷிங் மெஷினிலும் போடாதீர்கள்.

எப்போது மாற்றுவது? பாலியஸ்டர் என்றால் ஒன்றிரண்டு வருஷம், மெமரி ஃபோம் இரண்டு மூன்று, நல்ல லேடெக்ஸ் அதற்கும் மேலே. தேதி நினைவில்லையா? இரண்டாக மடித்துவிட்டுக் கையை எடுங்கள். தானாக விரிந்தால் உயிர் இருக்கிறது. மடிந்தபடியே கிடந்தால் கதை முடிந்தது. இலவம் பஞ்சுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதை வருஷம் ஒருமுறை மெத்தைக்கடைக்குக் கொண்டுபோய், பிரித்து அடித்து, குறைகிற பஞ்சைச் சேர்த்து, துணியையும் மாற்றித் தைத்துவிட்டால் பல வருஷம் ஓட்டலாம். இழை நொறுங்கிப் பொடியாக வந்தால் மட்டும் புதுப் பஞ்சு. பக்கத்திலேயே நின்று பார்த்து அடித்து வாங்குங்கள். நீங்கள் கொடுத்த பஞ்சுதான் திரும்பி வருகிறதா என்பது பார்த்தால்தான் தெரியும்.

கைக்குழந்தை இருக்கிற வீடா? இங்கே குரலை உயர்த்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வயதுவரை குழந்தைக்குத் தலையணையே கூடாது. தலை உருண்டையாக வரும் என்று கடுகு நிரப்பிய தலையணையைச் சீராகக் கொடுக்கிறோம், ஆன்லைனிலும் பூப்போட்டு விற்கிறார்கள். கழுத்து நிற்காத குழந்தையின் முகம் பக்கவாட்டில் புதைந்தால், அதைத் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. சத்தமே வராமல் மூச்சு முட்டும். தலை வடிவத்துக்கென்று விற்கப்படும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரிலேயே எச்சரித்துவிட்டது. மல்லாக்கப் படுக்க வையுங்கள், விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், தலை தட்டையாவது போல் தோன்றினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாமியார் மனம் கோணினாலும் பரவாயில்லை, கடுகைத் தாளிக்க எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் விஷயத்தில் வேறொரு எச்சரிக்கை. அப்பா திடீரென்று, "ஒரு தலகாணி பத்தல, ரெண்டா வைம்மா" என்கிறார். அடுத்த மாதம் மூன்று. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. இது கழுத்துச் சமாசாரம் இல்லை, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று இதய மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். கால் வீக்கமும் சேர்ந்தால் தாமதிக்கவே வேண்டாம். நெஞ்செரிச்சலுக்காகத் தலையை உயர்த்துகிறவர்கள் தலையணையை அடுக்குவதைவிட, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துவது நல்லது. அடுக்கினால் கழுத்து மடங்கும், வயிறும் மடங்கும், எரிச்சல் அப்படியே இருக்கும்.

தலையணையை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாத வலிகளும் உண்டு. கழுத்திலிருந்து கை வழியாக விரல்வரை மரத்துப்போவது, டம்ளர் கைநழுவுவது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் பின்னுவது: தண்டுவடம் நசுங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு மூன்றும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவு. வண்டியிலிருந்து விழுந்த பிறகு வருகிற கழுத்து வலிக்கும் அதேதான். வலி தாடைக்கும் இடது கைக்கும் பரவி, வியர்த்துக் கொட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். தைலம் தேடாதீர்கள்.

கடைசியாக, கழித்த தலையணையை என்ன செய்வது? நம் ஊரில் அதற்கு ஒரு நாள் வைத்திருக்கிறோம், போகி. பாயும் பழந்துணியும் எரிந்த காலத்தில் அது சரி. இன்றைய ஃபோமை நெருப்பில் போட்டால் வருகிற கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கின்றன. விடிகாலையில், குழந்தைகள் மேளம் தட்டிக்கொண்டு நிற்கிற தெருவில், பனிமூட்டத்தில் அது மேலே போகாமல் அங்கேயே தேங்கும். சென்னை மாநகராட்சி கடந்த சில ஆண்டுகளாகப் போகிக்கு முன்னாலேயே பழைய பொருட்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. மற்ற ஊர்களில் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கட்டிக் கொடுக்கலாம். இலவம் பஞ்சாக இருந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரித்து, செடிக்கடியில் மண்ணோடு கலந்து விட்டுவிடலாம். எப்படிக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் கத்தரிக்கோலால் மேல் துணியை நடுவே நீளமாக ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே தலையணை புது உறை போட்டுக்கொண்டு, ஸ்பீக்கர் வண்டியில் 'அசல் போடி'யாகத் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.